மலையில்லா நாட்டின் அரண்கள்

திருக்குறளில் அரணுக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், மலை, நிழலடர்ந்த காடு ஆகிய நான்கையும் உடையதே அரண் என்று வள்ளுவர் அதில் வகுக்கிறார். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பார்த்தால் ஒன்று குறையும். மூன்று பக்கமும் நீர் இருக்கிறது. பனை நிற்கும் வெளிநிலம் வேண்டிய மட்டும் இருக்கிறது. தெற்கே நீரேரியைக் கடந்தால் வன்னிக் காடு. மலைதான் இல்லை. கீரிமலை என்று ஊர்ப்பெயர் உண்டு. அங்கே போய்த் தேடினால் கடலோரச் சுண்ணக்கல் மேடொன்றும் கேணியும் கிடைக்கும்.

மலை இல்லாத நாடு எதை நம்பித் தன்னைக் காத்துக்கொண்டது? யாழ்ப்பாணத்துக் கோட்டைகளைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. முதலியார் இராசநாயகம் தொடக்கம் பேராசிரியர் சி. பத்மநாதன் வரை நல்லூர் இராச்சியத்தை ஆராய்ந்தவர்கள் அரசர்களின் வரிசையைக் கவனித்தார்கள். ஒல்லாந்தர் கோட்டைகளை ஆராய்ந்தவர்கள் கொத்தளங்களை அளந்தார்கள். இந்த இரண்டு ஆய்வுகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடாமலே போகின்றன. இரண்டையும் சேர்த்து வைத்து மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்தக் கோட்டைகள் யாரிடமிருந்து யாரைக் காத்தன? ஆபத்து வந்தபோது உள்ளே போனவர் யார்? விழுந்தவை ஏன் விழுந்தன?

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல எதிர்நிலை கொரியா. அந்தத் தீபகற்பத்தில் ஏறக்குறைய எழுபது வீதம் மலை. பழைய மலைக்கோட்டைகளின் தடங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கிடக்கின்றன. கொகுர்யோ அரசு தலைநகரை இரட்டையாகவே அமைத்தது: சமவெளியில் மதில் சூழ்ந்த நகரம் ஒன்று, பக்கத்து மலையில் கோட்டை ஒன்று. சமாதான காலத்தில் கீழே வாழ்வது, படை வந்தால் மேலே ஏறிவிடுவது. இன்றைய சீன எல்லைக்குள் இருக்கும் குங்னேயும் ஹ்வான்டோவும் அப்படிப்பட்ட சோடி. ஏறும்போது அரசன் தனியே போவதில்லை. வயலில் நின்ற விளைச்சலை அறுத்து எடுத்து, எடுக்க முடியாததை எரித்து, ஊரே சேர்ந்து ஏறும். வருகிற படைக்குக் கீழே தின்ன ஒன்றும் இராது.

மதிலை எங்கே கட்டுவது என்பதிலும் அவர்களுக்கு இரண்டு முறைகள் இருந்தன. மலையுச்சியைச் சுற்றி வளைப்பது ஒன்று. முகடுகளின் மேல் மதிலை ஓட்டி, நடுவில் கிடக்கும் பள்ளத்தாக்கு முழுவதையும் உள்ளே இழுத்துக்கொள்வது மற்றது. இரண்டாவது முறை பெரிய கோட்டைகளுக்கு உரியதாயிற்று. பள்ளத்தாக்கில் ஓடை இருக்கும், கிணறு தோண்டலாம், ஆயிரக்கணக்கான வாய்களுக்குத் தண்ணீர் கிடைக்கும். சில்லா அரசு 470 இல் கட்டிய சம்னியோன் கோட்டை கட்டி முடிய மூன்று ஆண்டு பிடித்ததாகச் சொல்வர். 645 இல் சீனத்து டாங் பேரரசன் டைசோங் தானே படைநடத்தி வந்து அன்சி கோட்டையை முற்றுகையிட்டான். மதிலுக்கு மேலாக எட்டிப்பார்க்க ஒரு மண்மேடு எழுப்பினான். அந்த மேட்டையே உள்ளிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். குளிரும் பசியும் வர, பேரரசன் திரும்பிப் போனான். மலைக்கோட்டை எப்போதும் வென்றது என்றும் இல்லை. ஹ்வான்டோ 244 இலும் 342 இலும் அழிக்கப்பட்டது. 1636 இன் கடைசியில் மஞ்சூரியப் படை வந்தபோது அரசன் இஞ்சோ நம்ஹான் மலைக்கோட்டைக்குள் புகுந்து 47 நாள் தாக்குப்பிடித்தான்; களஞ்சியம் காலியாகிவர இறங்கி வந்து பணிந்தான். அந்தக் கோட்டை 2014 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

கொரியா வரை போகாமல் நமது தீவுக்குள்ளேயே ஒப்பீடு செய்யலாம். யாழ்ப்பாண இராச்சியம் 1619 இல் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. கண்டி இராச்சியம் 1815 வரை நின்றது. இடையில் 196 ஆண்டுகள். கண்டியில் கற்கோட்டை என்று சொல்லத்தக்க பெரிய ஒன்று இருக்கவில்லை; மலைநாடு முழுவதுமே கோட்டையாயிற்று. 1594 இல் தந்துறையில், 1630 இல் ரந்தெனிவெலையில், 1638 இல் கன்னொறுவையில் என்று மூன்று முறை போர்த்துக்கேயப் படை மலைக்குள் போய் அழிந்தது. 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் படையனுப்பிய தளபதி கொன்ஸ்தந்தீனு த சா. அவரேதான் 1630 இல் ரந்தெனிவெலையில் மாண்டார். சமவெளியை ஒரே படையெடுப்பில் வாங்கிய மனிதரை மலை விழுங்கிவிட்டது.

ஆனால் மலைக்கோட்டை பிடிக்கத் தெரியாதவர்கள் என்று யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகளைச் சொல்ல முடியாது. 13ஆம் நூற்றாண்டில் சிங்கள அரசின் இருக்கை யாப்பகூவ என்ற செங்குத்துப் பாறையின் மேலும் அடியிலும் அமைந்திருந்தது. முதலாம் புவனேகபாகுவின் காலம் முடிந்ததை ஒட்டி, பாண்டியர் அனுப்பிய ஆரியச்சக்கரவர்த்தி என்ற தலைவன் அந்தக் கோட்டைக்குள் புகுந்து புத்தரின் தந்தத்தை எடுத்துச் சென்றான் என்று சூளவம்சம் பதிவுசெய்கிறது. அந்தப் பெயரைப் பட்டமாகச் சூடியவர்களே பின்னர் யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். பாறையை வென்றவர்களின் வழிவந்தோர் மணலில் தலைநகர் வைத்தது ஏன் என்று கேட்கலாம். கடல்தான் காரணம். முத்தும் சங்கும் யானையும் விற்ற அரசுக்குத் துறைமுகமும் தோணியும் மலையைவிட வேண்டியவையாக இருந்தன.

வடக்கில் மதிலும் அகழியும் ஐரோப்பியர் வந்துதான் தோன்றின என்று நினைப்பது தவறு. மன்னார்க் கரையில் மாதோட்டம் குதிரைலாட வடிவ மேடாகக் கிடக்கிறது. அதைச் சுற்றி இரட்டை அகழி ஓடுகிறது. 1980களில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வு அந்தத் துறைமுகத்தின் பழமையை நன்றாகவே காட்டியது. நெடுந்தீவில் வெடியரசன் கோட்டை என்று மக்கள் காட்டும் இடத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அது முருகைக்கல்லால் எழுப்பிய பௌத்த தாதுகோபங்களின் எச்சம். மீகாமனோடு போரிட்ட வெடியரசனின் கதை பிறகு வந்து அதன் மேல் ஏறிக்கொண்டது. கதை அழகானது, அதற்காகக் கோட்டை வரலாற்றில் இடம் கொடுக்க முடியாது.

நல்லூருக்கு வருவோம். கடலோரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி, நான்கு திசைக்கும் ஒவ்வொரு கோயில் காவலாக வைத்த நகரம் அது. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாசநாதர் என்று யாழ்ப்பாண வைபவமாலை மரபு பேசும். இன்று மிஞ்சியவை சங்கிலித்தோப்பு வளைவு, யமுனா ஏரி, மந்திரிமனை என்று சிலவே. அவற்றிலும் கட்டடங்களாக நிற்பவை பிற்காலத்தவை என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அரண்மனையைச் சுற்றி மதில் இருந்தது. ஆனால் நகரைக் காத்தது மதில் அல்ல என்பதை 1560 காட்டிவிட்டது.

அந்த ஆண்டு கோவாவிலிருந்து அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும் கப்பற்படையோடு தானே வந்தார். படை இறங்கியது, நல்லூர் விழுந்தது. அரசன் முதலாம் சங்கிலி நகரைக் காக்கப் பிடிவாதமாக நிற்கவில்லை. இரவோடிரவாக வெளியேறிக் கோப்பாயில் இருந்த கோட்டைக்குப் போனான். அங்கும் துரத்தி வர, வன்னிக்குள் இறங்கிவிட்டான். போர்த்துக்கேயர் கையில் அகப்பட்டவை வெறும் நகரமும் கொள்ளைப் பொருளும். பின்பு சமாதானம் பேசி உடன்படிக்கை எழுதினார்கள். எழுதி மை காயுமுன் நாட்டுமக்கள் கிளர்ந்தெழுந்து ஆங்காங்கே நின்ற படையினரை வெட்டினார்கள். பிரகன்சா நல்லூரை விட்டு மன்னாருக்குப் போய் அங்கே கோட்டை கட்டினார். கொகுர்யோ மன்னர்கள் மலையில் செய்ததைச் சங்கிலி காட்டில் செய்தான் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். யாழ்ப்பாண அரசின் மலைக்கோட்டை வன்னிதான். கோப்பாய் அதற்குப் போகும் வழியில் ஒரு படி.

இரண்டாம் சங்கிலிக்கு அந்த வழி கிடைக்கவில்லை. 1591 இல் போர்த்துக்கேயத் தளபதி அந்திரே பூர்த்தாடோவின் படை நல்லூரில் புகுந்து அரசனைக் கொன்று, தனக்கு வேண்டிய எதிர்மன்னசிங்கத்தைச் சிங்காசனத்தில் இருத்தியிருந்தது. அதன் பிறகு நல்லூர் திறை செலுத்தும் அரசு. 1619 இல் பிலிப்பு த ஒலிவேறாவின் படை வந்தபோது சங்கிலி கடல்வழியே இந்தியக் கரைக்குத் தப்ப முயன்றான். காற்று ஒத்துழைக்கவில்லை. பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1623 இல் தலை வெட்டப்பட்டான். முன்னவன் காட்டை நம்பினான், பின்னவன் கடலை நம்பினான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கோட்டை வரலாற்றில் முக்கியமான திருப்பம். தஞ்சை நாயக்கர் அனுப்பிய படைகளும் உள்ளூர்க் கிளர்ச்சிக்காரர்களும் ஒலிவேறாவை நல்லூரில் மீண்டும் மீண்டும் தாக்கினார்கள். தாக்குதல்களை முறியடித்த ஒலிவேறா 1621 அளவில் இருக்கையை நல்லூரிலிருந்து கடலோரத்துக்கு மாற்றினார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார். கோட்டை எழுந்த இடம் நீரேரியின் கரை. அதன் முதுகு நீரைப் பார்த்தது, முகம் நிலத்தைப் பார்த்தது. பகைவன் கடலிலிருந்து வருவான் என்று அஞ்சியவன் அப்படிக் கட்டமாட்டான். ஊரைப் பார்த்து அஞ்சியவனே, நெருக்கடி வந்தால் தோணியில் உதவி வரட்டும் என்று கடலைப் பின்னால் வைத்துக்கொள்வான். நல்லூர் அரசன் ஊருக்குள் இருந்தான். புதிய ஆட்சியாளன் ஊரின் ஓரத்தில், ஊரைக் குறிவைத்து இருந்தான். அற்புத மாதா பெயரில் எழுந்த அந்த நாற்கோணக் கோட்டையில்தான் இன்றைய யாழ்ப்பாணப் பட்டினம் தொடங்குகிறது.

அதற்கு ஒரு பெரிய குறை இருந்தது. யாழ்ப்பாண நீரேரி ஆழமில்லாதது. பெரிய கப்பல் கோட்டைக்குக் கிட்ட வர முடியாது. ஊர்காவற்றுறையில் நங்கூரமிட வேண்டும். எனவே கோட்டையின் உயிர் பல மைல் தொலைவில், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நீருக்குள் கிடந்த ஒரு சிறு திட்டில் இருந்தது. போர்த்துக்கேயர் அங்கே கடற்கோட்டை ஒன்று கட்டினார்கள். ஒல்லாந்தர் பிறகு அதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தார்கள். இலங்கைப் படம் பன்றித் தொடை போல அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதன் குதிக்கால் இந்த இடம்.

1658 இல் றைக்லொவ் வன் கூன்ஸ் தலைமையில் ஒல்லாந்தர் முதலில் மன்னாரைப் பிடித்துவிட்டுக் குடாநாட்டுக்குள் வந்தார்கள். பெருங்கோட்டையை முற்றுகையிட்டபடியே கடற்கோட்டையையும் சுட்டார்கள். நான்கு பக்கமும் ஆள் நெருங்க முடியாத நீர். அதைவிடச் சிறந்த அகழி எங்கே உண்டு? ஆனால் அது அத்தனையும் உப்பு நீர். குண்டடியில் குடிநீர்த் தொட்டி உடைந்தது. இரண்டு கிழமை அளவில் கடற்கோட்டை சரணடைந்தது. பெருங்கோட்டைக்குள் போர்த்துக்கேயப் படையோடு அதை அண்டி வாழ்ந்த குடும்பங்களும் அடைக்கலம் புகுந்து நெருக்கியடித்துக் கிடந்தன. பசியும் நோயும் பீரங்கியை முந்திக்கொண்டன. மூன்று மாதத்துக்கும் மேல் இழுத்து, யூன் மாதக் கடைசியில் அதுவும் திறந்தது. படையோடு வந்த பாதிரியார் பல்தேயஸ் இதையெல்லாம் எழுதிவைத்து 1672 இல் நூலாக்கினார்.

யாழ்ப்பாணத்து முற்றுகைகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கடற்கோட்டையின் வீழ்ச்சியே முன்மாதிரி என்பேன். உவர்நீர் இங்கே அரண், நன்னீர் இங்கே பலவீனம். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணற்றில் அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர். அதிகம் இறைத்தால் உவராகும். கொரிய மலைக்கோட்டை பள்ளத்தாக்கையே உள்ளே வைத்துக்கொண்டது. இங்கே எந்த மதிலுக்குள்ளும் ஓர் ஊருக்குரிய தண்ணீரை வளைத்து எடுக்க முடியாது. ஆகவே இங்கே கட்டிய கோட்டை எதுவும் நாட்டு மக்களின் புகலிடமாக இருக்க முடியவில்லை. ஆட்சியாளனின் காவலறையாகவே இருக்க முடிந்தது.

ஒல்லாந்தர் பழைய நாற்கோணத்தை நீக்கிவிட்டு ஐங்கோணக் கோட்டை கட்டினார்கள். உட்கோட்டை 1680 இல் முடிந்தது. ஹொலன்ட், சீலன்ட், கெல்டர்லன்ட், உட்ரெக்ட், பிரீஸ்லன்ட் என்று ஐந்து கொத்தளங்களுக்கும் தங்கள் மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். உயரம் இல்லாத தரையில் பீரங்கிக் காலத்துக்கு ஏற்ற விடை இந்த வடிவம். சுவர் தாழ்வாக, மிகத் தடிப்பாக, உள்ளே மண் நிரப்பியது. மூலைதோறும் முன்னால் நீட்டி நிற்கும் கொத்தளம் ஒவ்வொன்றும் பக்கத்துக் கொத்தளத்தின் அடிச்சுவரைக் காக்கும். எதிரி ஒளிந்து நிற்க மதிலடியில் ஒரு முழ இடமும் கிடைக்காது. மலையில் உயரம் செய்த வேலையை இங்கே கோணம் செய்தது.

கட்டிய பொருள் முழுக்க முழுக்க இந்த நாட்டது. வெளிச்சுவரில் கையை வைத்துப் பார்த்தால் முருகைக்கல்லின் சொரசொரப்பு தெரியும். சில கற்களில் பழைய முருகையின் பூப்பூவான வரிகள் அப்படியே இருக்கின்றன. சிப்பித் துண்டுகள் விரல் நகத்தில் தட்டுப்படும். சுட்ட முருகையும் சிப்பியும்தான் சாந்துக்குச் சுண்ணாம்பு. மழையும் உப்புக் காற்றும் பட்ட பக்கம் கறுத்து, நிழல் விழுந்த பக்கம் மஞ்சளோடி நிற்கும். வேலையாட்கள் யார்? ஊழியம் என்ற பெயரில் குறிப்பிட்ட சாதியினரிடம் கூலியின்றிக் கட்டாய வேலை வாங்கியது ஒல்லாந்தர் ஆட்சி. வருகிற ஒல்லாந்து உல்லாசப் பயணிக்கு வழிகாட்டிகள் கொத்தளங்களின் பெயரைச் சொல்கிறார்கள். கல் சுமந்தவர்களின் பேச்சு அந்த விளக்கத்தில் வருவதில்லை.

கோட்டைக் கல்லிலேயே இன்னொரு வரலாறும் புதைந்திருக்கிறது. கோட்டைக்குள் கிடைத்த சோழர்காலக் கல்வெட்டைக் கா. இந்திரபாலா ஆராய்ந்து வெளியிட்டார். இடித்த கோயில்களின் கற்கள் மதிலுக்குப் போயின என்று ஊர் வழிவழியாகச் சொல்லிவந்ததற்கு அது பொருந்துகிறது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் கோட்டைக்குள் நடத்திய அகழாய்விலும், பின்னர் றொபின் கொனிங்ஹாமின் டர்ஹாம் பல்கலைக்கழகக் குழுவோடு சேர்ந்து நடந்த ஆய்விலும், போர்த்துக்கேயருக்கு மிக முந்திய மட்பாண்டங்களும் சீன, மேற்காசிய ஓடுகளும் வெளிப்பட்டன. ஆகவே ஒலிவேறா வெறுங்கரையில் கோட்டை போடவில்லை. பழைய துறைமுகக் குடியிருப்பின் மேல் போட்டிருக்கிறார்.

பெருங்கோட்டை நடுவாக, குடாநாட்டின் வாசல்கள்தோறும் சிறு கோட்டைகள் நின்றன. இவற்றைத் தனித்தனியே விவரிப்பது அலுப்பு. ஒரு வளையமாகப் பார்ப்பதே சரி. தெற்கே நீரேரிக்கு அப்பால் பூநகரி. கிழக்கே, குடாநாடு பெருநிலத்தோடு ஒட்டும் கழுத்தில் ஆனையிறவும் அதனருகே பெஸ்குட்டர், பெய்ல் என்ற இரண்டு காவற்கோட்டைகளும். மேற்கே ஹம்மன்ஹீல், அதற்கு எதிரே ஊர்காவற்றுறைக் கரையில் இன்று இடிந்து கிடக்கும் போர்த்துக்கேயக் கோட்டை. நெடுந்தீவில் முருகைக்கல்லை அடுக்கிய மாடிக் கோட்டையொன்று; அதைச் சுற்றியுள்ள வளவுகளின் வேலிகளும் சாந்தில்லாமல் அதே கல்லை அடுக்கியவைதான்.

இந்த வளையத்துக்குள் எந்தப் பேரரசின் படையும் மோதும் என்று எதிர்பார்த்துக் கட்டவில்லை. ஆனையிறவில் போவோர் வருவோரைச் சோதித்தார்கள், தீர்வை வாங்கினார்கள். வன்னியர் திறையாகக் கொடுத்த யானைகள் அந்த ஆழமற்ற நீரைக் கடந்து வந்து, ஊர்காவற்றுறையில் கப்பலேறி, கோல்கொண்டாவுக்கும் வங்காளத்துக்கும் போயின. இலாபம் தந்த சரக்கு அது. வன்னியர் திறையைக் குறைத்துக்கொண்டே வந்ததும், கடைசியில் 1780களில் ஒல்லாந்தர் வன்னிக்குள் படையனுப்பியதும் இந்த யானைக் கணக்கோடு சேர்ந்தவை. 1803 இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலேயரை விரட்டியபோதும் காடு மலையின் வேலையைத்தான் செய்தது. குடாநாட்டில் கோட்டை அரசுக்கு உரியதாயும், வன்னியில் காடு அரசை எதிர்ப்பவர்க்கு உரியதாயும் இருந்தன.

மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்ட கோட்டைக் கதையும் இதையே சொல்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியின் தொடக்கத்தில் பூதத்தம்பி என்ற பெரிய மனிதன் பதவியில் இருந்தான். அவன் மனைவியின் மேல் கண்வைத்து அவமானப்பட்ட அந்திராசி என்பவன், ஊர்காவற்றுறைக் கோட்டைக்கு மரம் எடுக்க வேண்டும் என்று வெற்றுத்தாளில் பூதத்தம்பியிடம் கையொப்பம் வாங்கி, அதன் மேல் துரோகக் கடிதத்தை எழுதினான். பூதத்தம்பி தலை இழந்தான். இது கூத்தாக ஆடப்பட்டு வந்த கதை. 1658 இல் ஒல்லாந்தருக்கு எதிராக ஒரு சதி நடந்ததும் அதில் உள்ளூர்ப் பெரியோர் தண்டிக்கப்பட்டதும் ஆவணத்தில் உண்டு. மனைவி, வெற்றுத்தாள் எல்லாம் கூத்தின் பங்கு. கோட்டை என்றதும் நமது கூத்துக்கு நினைவு வருவது வீரப்போர் அல்ல, கையெழுத்தும் கொலையும்.

பெருங்கோட்டையின் வெளிவேலைகள், அதாவது அகழிக்கு அப்பாலுள்ள முக்கோண அரண்களும் சரிவு மண்மேடும், 1792 இல் முடிந்தன. மூன்றே ஆண்டில், 1795 செப்டெம்பர் கடைசியில், கேர்ணல் ஸ்ரூவர்ட்டின் படை பருத்தித்துறைப் பக்கம் இறங்கி வந்தது. ஒரு குண்டும் வெடிக்காமல் ஒல்லாந்தர் சாவியைக் கொடுத்தார்கள். ஐரோப்பாவில் அவர்கள் நாடே பிரான்சிடம் வீழ்ந்திருந்தபோது இங்கே கொத்தளம் என்ன செய்யும்? ஆங்கிலேயருக்கு அது படைத்தளம் என்பதைவிட அலுவலகமும் சிறையும். 1905 இல் இளம் உத்தியோகத்தராக வந்த லெனார்ட் வூல்ஃப் கோட்டை மதிலின் மேலிருந்த பங்களாவில் வாழ்ந்து, பிறகு தன் வரலாற்றில் அதை எழுதினார். 1971 இல் ஜே.வி.பி. கிளர்ச்சித் தலைவர் றோகண விஜேவீர யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார்; அவரை மீட்க நடந்த முயற்சி தோற்றது.

கோட்டைக்கு முன்னால் கட்டடம் எழக்கூடாது, பீரங்கிக்குப் பார்வை வேண்டும் என்று வெறுமையாக விட்ட நிலம்தான் முற்றவெளி. பீரங்கி ஓய்ந்த பிறகு அந்த வெறுமை ஊருக்குப் பொதுவிடமாயிற்று. கூட்டமும் விளையாட்டும் அங்கே நடந்தன. நாலாவது தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில், 1974 சனவரி 10 இல், பொலிசார் கூட்டத்தைக் கலைத்தபோது இறந்தவர்களின் நினைவுத்தூணும் அங்கேதான் நிற்கிறது.

பிறகு உள்நாட்டுப் போரில் கோட்டை மீண்டும் கோட்டையாயிற்று. போர்த்துக்கேயர் எண்ணிக் கட்டிய அதே பொருளில், ஊரைப் பார்த்த துப்பாக்கியாக. 1980களின் நடுவிலிருந்து இலங்கைப் படையினர் வெளியே வர முடியாமல் உள்ளே இருந்தார்கள். உள்ளிருந்து வந்த எறிகணைக்குப் பயந்து சுற்றியிருந்த பட்டினம் காலியாயிற்று. 1990 யூனில் விடுதலைப் புலிகளின் முழு முற்றுகை தொடங்கியது. உணவையும் மருந்தையும் வானிலிருந்து போட்டார்கள். மண்டைதீவில் இறங்கிய படை நீரேரியைக் கடந்து வந்து உள்ளே இருந்தவர்களை மீட்டது; செப்டெம்பர் 26 இல் கோட்டை கைவிடப்பட்டது. கோட்டைக்குள் 1706 இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இந்தப் போரில் தரைமட்டமானது. பெறுமதியான அந்தக் கட்டடம் போனது பேரிழப்பு. ஆனால் கோட்டை இடிந்தபோது பட்டினத்தார் பலர் நிம்மதி அடைந்தார்கள் என்பதும் வரலாறுதான். 1995 இல் படை திரும்பி வந்தது. 2010க்குப் பிறகு ஒல்லாந்து அரசின் உதவியோடு தொல்லியல் திணைக்களம் மதிலைத் திருத்தத் தொடங்கியது. முருகைக்கல் வெட்டுவது இன்று சட்டப்படி தடை என்பதால் திருத்த வேலைக்குக் கல் என்பதே ஒரு சிக்கல். ஹம்மன்ஹீல் இப்போது கடற்படை நடத்தும் விடுதி.

ஆனையிறவின் கதை இன்னும் கடுமையானது. ஒல்லாந்தரின் சின்னக் காவற்கோட்டை நின்ற கழுத்தில் இலங்கைப் படை பெரும் முகாம் அமைத்திருந்தது. 1991 யூலையில் புலிகள் முற்றுகையிட்டும் விழவில்லை. கடல்வழி வந்து இறங்கிய படை காத்துக்கொண்டது. 2000 ஏப்ரிலில் அவர்கள் முகாமின் மதிலை நேரே முட்டுவதை விட்டு வடக்கே இயக்கச்சியைப் பிடித்தார்கள். முகாமுக்குத் தண்ணீர் இயக்கச்சிக் கிணறுகளிலிருந்து வந்தது. சித்திரை வெயில், உப்பளத் தரை, குடிக்க நீர் இல்லை. ஏப்ரில் 22 இல் முகாம் கைவிடப்பட்டது. பின்வாங்கும் வழியில் தாகத்தால் விழுந்தவர்களும் இருந்தார்கள். 2009 சனவரியில் படை அதை மீண்டும் பிடித்தது. 1658க்கும் 2000க்கும் 342 ஆண்டு இடைவெளி, ஆயுதம் எல்லாம் வேறு. ஹம்மன்ஹீலில் தொட்டி, இயக்கச்சியில் கிணறு.

இந்த நீரேரிகளை வைத்து ஒருவர் வேறு கணக்குப் போட்டிருந்தார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த திட்டத்தில் ஆனையிறவு நீரேரி அகழி அல்ல, நன்னீர்த் தேக்கம். கனகராயன் ஆறு கொண்டுவரும் மழைநீரை அங்கே அணையிட்டு நிறுத்துவது, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்கு விடுவது, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுபோட்டு உப்புநீரைத் தடுப்பது. யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்று அதைச் சொன்னார்கள். தொண்டைமானாற்றுத் தடுப்பணை கட்டப்பட்டது. முழுத் திட்டம் நிறைவேறவில்லை. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024 இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. அங்கிருந்து வரும் குழாய்நீர் ஒரு பக்கம் போக, மழைக்காலத்தில் கனகராயன் ஆற்று நீர் இன்றும் ஆனையிறவில் விழுந்து உப்போடு கலக்கிறது.